அளவுண்டு; ஆனால் "அளவற்றது"!

திருமறையின் 83ஆம் அத்தியாயத்திற்கு 'அல் முதஃப்பிஃபீன்' என்று பெயர். அளவிலும் நிறையிலும் மோசம் செய்வோர் என்பது அதன் பொருள். ஓர் அத்தியாயமே அவர்கள் பெயரால் வழங்குகிறதெனில், அக்குற்றத்தின் கடுமையை வாசக நேயர்கள் உணர்வர். வீடுகளுக்கு இணைய இணைப்பு விற்போர் பலர் இன்று செய்வது அக்குற்றத்திற்கு வெகு தொலைவில் இல்லை என்கிறோம் நாம்.

புதுச்சத்திரத்தில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், 'அன்லிமிடெட்' என்ற சொல்லை நம்பி இணைப்பு வாங்கினர். மாதக் கடைசியில் அது நத்தையாய் ஊர்ந்தது. தேர்வுக்காக மகள் பார்த்துவந்த பாடம் பாதியில் நின்றது. விசாரித்ததற்கு, "உங்கள் அளவு முடிந்துவிட்டது" என்றனர். அளவற்றதற்கு அளவு முடிவது எங்ஙனம்?

நாமக்கல் சீமையில் முட்டை வியாபாரி ஓர் அட்டைக்கு 30 என்றால், எண்ணிப் பார்க்க 30 இருக்கும். பிஸ்கட் பொட்டலத்தின் மீதும் நிகர எடை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். இணையத்திலோ, 'அன்லிமிடெட்' என்பது கொட்டை எழுத்தில். வரம்பு, நட்சத்திரக் குறியிட்டுப் பொடி எழுத்தில்!

இத்தகைய திட்டங்கள் பலவற்றில் மாத வரம்பு 3,300 ஜிபி. 30 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாது ஓடினால் சுமார் 10 நாளில் அது தீரும். "எந்த வீடு அவ்வளவு செலவழிக்கும்?" என்பர். யாரும் எட்டாத வரம்பாயின், அதைத் தலைப்பிலேயே சொல்ல அச்சமென்ன? கட்டணம் குறைந்த சில திட்டங்களில் வரம்பும் குறைகிறது. ஆகவே அடி விழுவது எளியோர் மீதே.

ஒருவர் மிகுதியாய் இழுத்தால் மற்றவர்க்கு நெரிசல் என்றும் வாதிடுவர். நெரிசல், எல்லா வீட்டாரும் ஒருசேரப் பார்க்கும் முன்னிரவில் நேர்வது. தஹஜ்ஜுத் வேளையில் ஒருவர் பாடத்தை இறக்கிக்கொள்வதால் யாருக்கு இடைஞ்சல்? மாதக் கணக்கோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

முற்கால முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் கடைவீதி சென்று தராசைச் சோதித்தார். இன்று அப்பொறுப்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துடையது. வரம்பையும் அதற்குப் பிந்திய வேகத்தையும் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும், வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழ் இறங்கலாகாது என்று 2016 அக்டோபரில் அது பணித்தது. நல்லதே. ஆனால் 2023இல் பிராட்பேண்டுக்கான வரையறையே 2 எம்பிபிஎஸ் என உயர்ந்தது. இன்றைய வரையறைப்படி அந்த 512 பிராட்பேண்டே அன்று!

வரம்பு வைப்பதே ஹராம் என்று நாம் கூறவில்லை. வணிகத்தில் நிபந்தனை ஆகும். மறைத்த நிபந்தனை ஆகாது. வரம்புள்ள திட்டத்திற்கு 'அன்லிமிடெட்' என்ற பெயரையே ஆணையம் தடை செய்ய வேண்டும். விளம்பரத்தின் தலைப்பிலேயே அந்த எண் தமிழில் இடம்பெற வேண்டும்.

அதுவரை, இணைப்பு வாங்குமுன் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிபி? அது தீர்ந்தபின் என்ன வேகம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரின் தராசை நம்பாதீர்கள்.