ஒரு வாயில் போதாது

உயிர் அறிவியலில் முனைவர் ஆய்வுக்குள் நுழைவதற்கு நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு போதும் என்னும் கருத்து உயர்கல்வியை நடத்துவோரிடையே வலுத்து வருகிறது. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்திவந்த நுழைவுத் தேர்வுகளுக்கு மாற்றாக, 2024-25 கல்வியாண்டு முதல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. உதவித்தொகைக்குத் தகுதி பெறாதவரைச் சேர்க்கும்போது அம்மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 70 பங்கு, நேர்காணலுக்கு 30 பங்கு. ஊர் ஊராகச் சென்று தேர்வெழுதும் அலைச்சலையும் செலவையும் இது குறைக்கும். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடலூர் மாவட்டத்துக் கடற்கரையில் நின்று எண்ணிப் பார்க்கையில், அடைபடவிருக்கும் மற்ற வழிகளே நம் கண்முன் நிற்கின்றன.

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்தெடுத்த அந்நிலையத்தை 1963-இல் மானியக் குழு உயராய்வு மையமாக ஏற்றது. கழிமுகமும் சேற்றுத்தரையும் பிச்சாவரத்து அலையாத்திக் காடும் அதன் அருகிலேயே விரிந்து கிடக்கின்றன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இக்கரையின் 18 சிற்றூர்களை ஆராய்ந்து கதிரேசனும் இராஜேந்திரனும் 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அலையாத்தி மரங்கள் நின்ற இடங்களில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்தன என்றது அது. கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெருங்காரணம் என்று மறுத்து, அடுத்த ஆண்டே வேறு அறிஞர் எழுதினர். உலகம் உற்றுநோக்கிய அந்த விவாதத்தின் ஆய்வுக்களம் நம் கிள்ளையும் பரங்கிப்பேட்டையும் சார்ந்த கரையே. இத்தகைய வினாக்களைத் தொடர்ந்து ஆராய, எந்த ஓடையில் எந்தப் பருவத்தில் எந்த மீன்குஞ்சு ஒதுங்கும் என்பதைச் சிறு வயதிலேயே கண்டறிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். அந்த அறிவை அளக்கும் வினா எதுவும் தேசியத் தேர்வில் இடம்பெறுவதில்லை.

மொழியும் ஒரு தடை. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்காக நடத்தப்படும் உயிர் அறிவியல் நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் தம் மொழியில் வினாவைப் படிக்கலாம்; மேல்நிலைக் கல்வி வரை தமிழில் பயின்ற மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

நம் பகுதி மாணவர் பலர் ஆய்வுலகில் முதன்முதலாகக் கால்வைப்பது திட்ட உதவியாளராகத்தான். மைய அரசின் ஏதேனும் ஒரு துறை ஆய்வுத் திட்டத்துக்கு நிதி தருகிறது. பேராசிரியர் ஒருவர் முதுநிலைப் பட்டதாரியைப் பணிக்கு அமர்த்துகிறார். அவர் படகேறி நீரும் மண்ணும் சேகரிக்கிறார், இரவில் நுண்ணோக்கியின் முன் அமர்கிறார், தரவுகளைத் தொகுக்கிறார். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் அதே உழைப்பு ஆய்வேடாக மலரும். கிடைக்காவிட்டால், திட்டம் முடியும் நாளில் அனுபவச் சான்றிதழ் ஒன்றோடு வீடு திரும்ப வேண்டியதுதான். பதிவு செய்தவர்க்கும் இடர் தீர்வதில்லை. திட்டத்தின் ஆயுள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். முனைவர் ஆய்வோ அதற்குள் முடிவது அரிது. இடையில் ஊதியம் நின்றுபோனால் குடும்பத்தில் முதலில் கல்லூரி கண்ட பிள்ளை எதைக் கொண்டு தாங்குவான்? தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்க்கு 2023 சனவரி முதற்கொண்டு, முதல் இரண்டாண்டுகளுக்குத் திங்கள்தோறும் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகையாகக் கிடைக்கின்றன. அதே ஆய்வகத்தில் அதே சேற்றில் இறங்கும் திட்ட உதவியாளர், தேர்வில் வெல்லாதவராயின், அதனினும் குறைந்த ஊதியத்துக்கே உழைக்கிறார். இந்த வேற்றுமை நம்மை வருத்துகிறது.

கல்லூரி ஆசிரியர் பணியிலிருந்தபடியே பகுதிநேரமாக ஆய்வு செய்ய மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் நேரே முனைவர் ஆய்வில் சேரலாம் என்றும் அவ்விதிகளே கூறுகின்றன. நம் மாவட்டத்தில் அதனால் பயன்பெறுவோர் இப்போதைக்குச் சிலரே. எம்.ஃபில். பட்டம் நீக்கப்பட்டதோ சிறிய இழப்பன்று. தயங்கி நின்ற மாணவர் பலர் தம் ஆய்வுத் திறனைச் சோதித்துப் பார்த்த முதற்படி அது.

ஆய்வறிவு ஒரே வழியாக வருவதில்லை என்பதற்குச் சிதம்பரமே சான்று. 1952-இல் இவ்வூரில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் உயிரியலை முறையாகக் கற்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். அதன் பின்னரே ரைபோசோம் ஆய்வுக்குள் புகுந்தார். 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. காட்டில் சிம்பன்சிகளை உற்றுநோக்கி வந்த ஜேன் குடாலை, இளநிலைப் பட்டமே இல்லாத நிலையிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1962-இல் முனைவர் ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜானகி அம்மாள், 1931-இல் மிச்சிகனில் முனைவராகி, கோவையில் கரும்பின் மரபியலை ஆராய்ந்தார். வயது, பட்டம், துறை ஆகியவற்றில் விதியை மட்டும் நோக்கியிருந்தால் இவர்களுள் சிலரையேனும் அறிவியல் இழந்திருக்கும்.

தரத்தைத் தளர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆய்வேட்டை மதிப்பிடும் கடுமை எள்ளளவும் குறையக் கூடாது; சேர்க்கையில் நடக்கும் பரிந்துரைகளும் சலுகைகளும் ஒழியவே வேண்டும். ஆனால் நுழைவுத் தேர்வு தகுதியை அறியும் கருவிகளுள் ஒன்று மட்டுமே. ஈராண்டு களப்பணி செய்தவரின் குறிப்பேடும் அத்தகைய கருவிதான். அதை நேர்காணல் குழு வாங்கிப் படிக்க வேண்டும்.

2013-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாநில அரசின் பொறுப்பில் வந்தது. ஆதலால் இதில் முன்கை எடுக்க வேண்டியது தமிழ்நாடு அரசே. நெட் மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வும் தொடர வேண்டும். திட்ட உதவியாளராகச் சேர்ந்தவர் ஓராண்டுக்குள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய உரிமை வேண்டும். திட்டம் முடிந்தபின் ஆய்வேடு அளிக்கும் வரை அவர்க்கு மாநில அரசு உதவித்தொகை தர வேண்டும். நெட் வினாத்தாளைத் தமிழிலும் வழங்குமாறு மைய அரசை எழுத்து மூலம் வற்புறுத்த வேண்டும். இவற்றுள் முதலிரண்டுக்கும் புதிய நிதி தேவையில்லை; அடுத்த சேர்க்கை அறிவிப்பிலேயே அவை இடம்பெறட்டும்.