மிக்ஸ்டு ரியாலிட்டி கேம் உருவாக்க ஹெட்செட் இருந்தால் போதுமா? போடியிலிருந்து ஒரு கணக்கு

கடந்த பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில், 15,000 இடைநிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கான ஆய்வகங்கள் அமைக்க உதவுவதாக அறிவிக்கப்பட்டது. இந்தத் துறைக்கு 2030-க்குள் 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்பது அரசின் கணிப்பு.

சரி, அந்த 500-ல் ஒன்று போடிநாயக்கனூருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2012-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. நான்கு மாணவர்கள் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஒரு புதிர் சாகச கேம் செய்ய நினைக்கிறார்கள். அதுவும் மிக்ஸ்டு ரியாலிட்டியில். முடியுமா?

முதலில், அது என்ன?

வி.ஆர் கண்ணை மூடி வேறு உலகத்துக்குக் கொண்டுபோகும். ஏ.ஆர் கேமராவில் தெரியும் காட்சி மேல் ஒரு படத்தை ஒட்டும். 2016-ல் எல்லாரையும் தெருவில் அலையவிட்ட போகிமான் கோ ஞாபகம் இருக்கா? அது இந்த ரகம். மிக்ஸ்டு ரியாலிட்டி இன்னும் ஒரு படி மேல. உங்கள் அறையில் சுவர் எங்கே, மேசை எங்கே, கட்டில் எவ்வளவு உயரம் என்று கருவி அளந்துகொள்ளும். கேமில் வரும் பொருள் அந்த மேசை மேல் உட்காரும், கட்டிலுக்குப் பின்னால் போனால் மறையும்.

இதற்கு நல்ல உதாரணம், 2016-ல் மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் கருவிக்கு வந்த ‘ஃப்ராக்மென்ட்ஸ்’. துப்பறியும் கேம். கதாபாத்திரங்கள் உங்கள் வீட்டு சோஃபாவிலேயே வந்து உட்காருவார்கள். தடயங்களை உங்கள் அறைக்குள்தான் தேட வேண்டும். ஆனால் ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024-ல் நிறுத்திவிட்டது. அந்தக் கருவியையே நம்பிப் படித்தவர்கள் நிலைமை என்ன? ஆய்வகம் என்றதும் ஹெட்செட் பட்டியல் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இருப்பதிலேயே சீக்கிரம் பழசாகும் பொருள் அதுதான். 2024-ல் 3,499 டாலருக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோவை நான்கு மாணவர்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

அப்போ வழி? பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். கூகுளின் ஏ.ஆர்.கோர் ஆதரிக்கும் போன் என்றால், கேமராவையும் உள்ளே இருக்கும் அசைவு சென்சார்களையும் சேர்த்து அது தரையையும் மேசையையும் கண்டுபிடித்துவிடும். ஹெட்செட் தரும் அனுபவம் முழுசா வராது. ஆனால் விளையாட ஆள் கிடைக்கும். கேம் செய்ய யூனிட்டி மென்பொருளை மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம், கோடோ முழுக்கவே இலவசம்.

மலைக்குப் போக வேண்டாம், மலையை வீட்டுக்குக் கொண்டு வரலாம்

போடி டீம் செய்யக்கூடிய முதல் தப்பு, ஆட்டக்காரரைக் குரங்கணிக்கு அனுப்புவது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் காற்றில் ஆடும் இலை, மூடுபனி, மரத்தடி இருட்டு இது எல்லாமே கேமராவைக் குழப்பும். மலையில் சிக்னலையும் நம்ப முடியாது. அதைவிட முக்கியம், 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத் தீயை இந்த ஊர் மறக்கவில்லை. போனைப் பார்த்தபடி சரிவில் நடக்கச் சொல்லும் கேமை யாரும் செய்யக் கூடாது.

அதே மலையை வீட்டுக்குள் இறக்கினால்? மூணாறு பக்கம் விளைந்த தேயிலை, ஒரு காலத்தில் குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் சிறு ரயிலாக மாறி, 1924 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பாதை அது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு. இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். கட்டில்தான் டாப் ஸ்டேஷன், தரைதான் கொட்டகுடி. நடுவில் ஒரு நாற்காலியை எங்கே போட்டால் கம்பிவடம் தரை தட்டாமல் போகும்? ஒவ்வொரு வீட்டிலும் விடை வேற. திரையில் மட்டும் ஆடும் கேமில் இந்தப் புதிரே கிடையாது.

இன்னொன்று ஏலக்காய். அக்மார்க் தரத்தில் 7 மில்லிமீட்டர் காய் ஒரு ரகம், 6 அடுத்தது, 5 அதற்கும் அடுத்தது. சல்லடையில் சலித்தால் அளவு தெரிந்துவிடும். ஆனால் எடையும் பார்ப்பார்கள். உயர்ந்த ரகம் என்றால் ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது இருக்க வேண்டும். பெரிய காய் உள்ளே சொத்தையாக, லேசாக இருக்கலாம். கண் ஒன்று சொல்லும், தராசு வேறு சொல்லும். ஒரு புதிருக்கு இதைவிட என்ன வேணும்?

இப்படி ஊர்க்கதை யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டால், டொரன்டோவிலிருந்து 2023-ல் வந்த ‘வெண்பா’வைக் காட்டலாம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி செய்வது அதில் ஒரு புதிர். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது.

ஆள்தான் குறையுது

பொறியியல் கல்லூரி டீமில் நாலு பேருமே கோடு எழுதுபவர்களாக இருப்பார்கள். முப்பரிமாண உருவம் செய்பவர், ஒலி சேர்ப்பவர் எல்லாம் விஸ்காம் படித்துக்கொண்டு வேறு கல்லூரியில் இருப்பார்கள். இரண்டு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரே புராஜெக்ட் செய்து, இருவருக்கும் மதிப்பெண் கிடைக்கிற வழி சுலபமாக இல்லை. என்னைக் கேட்டால், ஆய்வகத்துக்கான பணத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம்.

மாணவர் டீம் என்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-ல் ‘நார்பாகுலர் டிராப்’ என்ற புதிர் கேம் செய்தார்கள். அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் மொத்த டீமையும் வேலைக்கு எடுத்தது. 2007-ல் வந்த ‘போர்ட்டல்’ அதிலிருந்து பிறந்ததுதான். அந்த மாணவர்கள் உலகத்தை உருவாக்கவில்லை, கதவு வழியாக இடம் மாறும் ஒரே ஒரு யோசனையைத்தான் கடைசி வரை கொண்டுபோனார்கள்.

வீட்டில் “கேமா? ரம்மியா?” என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்தது பணம் கட்டி ஆடுவதை. புதிர் கேம் அதில் வராது.

ஆகவே ஜூனில் தொடங்கும் டீம், தீபாவளிக்குள் ஒரே ஒரு புதிரை ஓட வைத்துவிட வேண்டும். பத்து வீட்டில், பத்து விதமான தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நிறத்தில் பளபளக்கும் டைல்ஸ் தரையில் போன் திணறும், புள்ளி புள்ளியான மொசைக் என்றால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஏலக்காய்ப் புதிரை மட்டும், தினமும் காய் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் கையில் முதலில் கொடுங்கள். அவருக்கு அது ஐந்து நிமிஷத்துக்குள் சலித்துவிட்டால், திரும்ப எழுத இன்னும் நாலு மாசம் இருக்கு.