சாப்பாடு ஃப்ரீ... அப்புறம் பில் எங்கிருந்து வருது? சொகுசுக் கப்பல் ஏறப்போற மதுரைக்காரங்க கவனத்துக்கு!

நம்ம ஊருக்குக் கடல் கிடையாது. வைகையிலயே தண்ணி வந்தா வேடிக்கை பார்க்கப் பாலத்துல கூட்டம் கூடுற ஊர் இது. ஆனா உங்க ஃபோனைத் திறந்து பாருங்க, நாலு ரீல்ஸ் தள்ளினா அஞ்சாவது ஒரு கப்பல் வீடியோவா இருக்கு. மேல் தளத்துல நீச்சல் குளம், கையில கலர் கலரா கிளாஸ், பின்னாடி சூரிய அஸ்தமனம், 'வெறும் இவ்வளவுதான்'னு ஒரு ரேட்டு. காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம் சம்பளம் வாங்கின ஃப்ரெண்ட்ஸ் கேங், புதுசா கல்யாணம் ஆன ஜோடினு ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல, எந்தக் கப்பல்? தமிழ்நாட்டுல இருந்து பொழுதுபோக்குக்குனே கிளம்பின பெரிய கப்பல்னா அது 'எம்ப்ரஸ்'தான். கோர்டிலியா க்ரூஸஸ் நிறுவனம் ஓட்டுது. 1990-ல கட்டின கப்பல் இது. ராயல் கரீபியன் நிறுவனத்துல பல வருஷம் ஓடிட்டு, 2021 செப்டம்பர்ல மும்பையில இருந்து இந்தியப் பயணிகளுக்காக ஓட ஆரம்பிச்சது. கொள்ளளவுக் கணக்குல (கிராஸ் டன்னேஜ்) 48,000 டன்னுக்கு மேல. கேட்க பெருசா இருக்கா? 2024 ஜனவரியில கிளம்பின 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கிட்டத்தட்ட 2,48,000 டன். அதாவது நம்மளோடது மாதிரி அஞ்சு கப்பல். ரீல்ஸ்ல நீங்க பார்க்கிற ஆறு வாட்டர் ஸ்லைடும் ஏழு நீச்சல் குளமும் அந்த ஐகான்ல இருக்கிறது. சென்னையில ஏறிட்டு 'ஸ்லைடு எங்கே'னு தேடக் கூடாது, அதுக்குச் சொல்றேன்.

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்துல முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சு இந்தக் கப்பலை அனுப்பி வெச்சார். விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியா சென்னை திரும்புறதா திட்டம். கிளம்பும்போதே சர்ச்சை. கப்பல்ல மது, சூதாட்டம்னு எதிர்க்கட்சிகள் கேள்வி கேட்டாங்க. புதுச்சேரியில கப்பலை நிறுத்த அனுமதியே கிடைக்கலை. அப்போ அங்க துணைநிலை ஆளுநரா இருந்த தமிழிசை சௌந்தரராஜன், கலாசாரத்தைப் பாதிக்கிற எதையும் அனுமதிக்க மாட்டோம்னு நிலைப்பாடு எடுத்தார். அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர் 2-ம் தேதி மும்பையில போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ரெய்டு நடத்தி, ஷாருக் கான் மகன் ஆர்யன் கானைக் கைது செஞ்சதும் இதே கப்பல் விவகாரத்துலதான். 2022 மே மாசம் ஆதாரம் இல்லைனு அவர் பேர் குற்றப்பத்திரிகையில சேர்க்கப்படலை. ஆனா கப்பல்னாலே 'அந்த மாதிரி இடம்'ங்கிற பேர் நம்ம வீடுகள்ல ஒட்டிக்கிச்சு. அம்மாகிட்ட பர்மிஷன் கேட்டவங்களுக்குத் தெரியும்.

நியாயமா பேசுவோம். 2003-ல இருந்து மதுவை அரசாங்கமே கடை போட்டு விக்கிற மாநிலம் இது. கப்பல்ல பார் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காகக் கலாசாரம் பத்திக் கவலைப்படறதுல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கவலைப்பட வேண்டியது வேற இடத்துல இருக்கு. பணம் எப்படி நம்மகிட்ட இருந்து போகுதுங்கிறதுலயும், அங்க தட்டு கழுவுறது யாருங்கிறதுலயும்.

பந்தி ஃப்ரீ, பாயசம் காசு

டிக்கெட்ல என்ன அடங்கும்? அறை, மூணு வேளைச் சாப்பாடு, பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகள், குளம், ஜிம். என்ன அடங்காது? மது, பெரும்பாலும் கூல் டிரிங்க்ஸ், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், வைஃபை, ஸ்பா, கரையில இறங்கிச் சுத்துற டூர். விளம்பர விலை பெரும்பாலும் 'ரெண்டு பேர் ஒரு அறையில தங்கினா, ஒருத்தருக்கு'ங்கிற கணக்கு. அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜி.எஸ்.டி எல்லாம் ஏறும். தனியா போறீங்கன்னா ரெண்டாவது ஆளுக்கான காசையும் நீங்களே கட்டற நிலைமை வரலாம். அதனால ஏஜென்ட்கிட்ட 'ரேட் என்ன'னு கேட்காதீங்க. 'எல்லாம் சேர்த்துக் கடைசியா நான் கட்டப்போறது எவ்வளவு'னு கேளுங்க. வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கி வெச்சுக்கங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். எம்ப்ரஸ் கப்பல்ல ரெண்டு பெரிய இடம். ஒண்ணு ஃபுட் கோர்ட், பஃபே. இன்னொண்ணு ஸ்டார்லைட், உட்கார்ந்து சாப்பிடற பெரிய ஹால். 'சாப்ஸ்டிக்ஸ்' மாதிரி தனி ரெஸ்டாரன்ட்டுக்குத் தனிக் காசு. சைவம், ஜெயின் உணவு கிடைக்கும். வட இந்திய ருசி தூக்கலா இருக்கும். காலையில இட்லி, தோசை எதிர்பார்க்கலாம், ஆனா கோனார் கடை கறிதோசையை மனசுல வெச்சுக்கிட்டு வரிசையில நிக்காதீங்க. இதுக்கு ஒரு காரணமும் இருக்கு. கப்பல்ல தீதான் முதல் எதிரி. அதனால சமையலறையில திறந்த தீ எரியாது, பெரும்பாலும் மின்சார அடுப்புதான். கரி அடுப்புல வாட்டின அந்தப் புகை வாசம் கடல் நடுவுல வராது. நீங்க எடுத்துட்டுப் போற கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸையும் ஸ்கேனிங்லயே வாங்கி வெச்சுடுவாங்க, காரணம் இதேதான்.

ஏறின முதல் நாள் மதியம் எல்லாரும் பையைத் தூக்கிட்டு நேரா பஃபேக்குத்தான் ஓடுவாங்க. கல்யாண மண்டபத்துல முதல் பந்திக்குக் கதவு திறந்த மாதிரி இருக்கும். பெரிய ஹால்ல அதே நேரம் மதிய உணவு இருக்கானு கேட்டுட்டு அங்க போங்க, உட்கார்ந்து நிதானமா சாப்பிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சில கப்பல்கள்ல ரெண்டு ஷிஃப்ட் இருக்கும். ஷோ நேரத்தைப் பார்த்துட்டு ஷிஃப்ட்டைத் தேர்ந்தெடுங்க, இல்லைன்னா பிரியாணி சூடா வர்றப்போ தியேட்டர்ல விளக்கை அணைச்சிருப்பாங்க.

பஃபேல கைகழுவறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஆயிரக்கணக்கான பேர் ஒரே கரண்டியைப் பிடிக்கிற இடம். நோரோ வைரஸ்னு ஒண்ணு, வாந்தியும் வயித்தால போறதும். கப்பல்ல ஒருத்தருக்கு வந்தா மளமளனு பரவும். பயணிகள்லயோ ஊழியர்கள்லயோ 3 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறி வந்தாலே அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அந்தக் கப்பல் பேரைப் பொதுவெளியில போடுது. சானிடைசர் இந்த வைரஸ்கிட்ட அவ்வளவா பலிக்காது. சோப்பும் தண்ணியும்தான்.

முதல் ராத்திரி வயிறு முட்ட வேணாம். கடல் பழகாத உடம்புங்க நம்மளோடது. அறை புக் பண்றப்பவே நடுப்பகுதி, கீழ்த் தளம் கேளுங்க, ஆட்டம் குறைவு. கொஞ்சம் இஞ்சி மரப்பா பாக்கெட் பிரிக்காம வெச்சுக்கங்க. மாத்திரை வேணும்னா ஏறுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. எந்த மாசம் போறீங்கங்கிறதும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில அரபிக் கடல் கொந்தளிக்கும், அதனாலதான் கோடையும் அதை ஒட்டின மாசங்களும் கப்பல் இந்தப் பக்கம் வருது. அக்டோபர், நவம்பர்னா வங்கக்கடலோட முறை.

அஞ்சாவது கிளாஸ் வரைக்கும் கம்பெனிக்கு லாபம்

கப்பல்ல கையில காசே புழங்காது. ரூம் சாவி கார்டுதான் பர்ஸ். தேய்ச்சா போதும், கடைசி நாள் காலையில பில் வரும். மனுஷன் மனசு காசை எண்ணிக் கொடுத்தாத்தான் வலிக்கும், இது அந்த வலியை எடுத்துடுது. முதல் வேலையா ரிசப்ஷன்ல போய் 'என் கணக்குக்கு இவ்வளவுதான் லிமிட்'னு சொல்லி வெச்சுடுங்க. தினமும் ஒரு தடவை பில்லைப் பார்த்துடுங்க.

குடிக்கிறவங்களுக்கு: டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கலாமா? சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற சர்வதேசக் கப்பல்கள்ல இதுதான் பெரிய வியாபாரம். ஒரு கணக்கு, விலை நானே உதாரணத்துக்கு வெச்சது. பேக்கேஜ் ஒரு நாளைக்கு 60 டாலர். ஒரு காக்டெயில் 12 டாலர். ரெண்டுக்கும் மேல 18 சதவீத சர்வீஸ் சார்ஜ். பேக்கேஜ் 70.80, கிளாஸ் 14.16. வகுத்தா சரியா அஞ்சு. தினமும், ஒரு நாள் விடாம அஞ்சு கிளாஸ் குடிச்சாத்தான் போட்ட காசு. ஆறாவதுலதான் உங்களுக்கு லாபம் ஆரம்பிக்குது, உங்க உடம்புக்கு அப்போ என்ன ஆரம்பிக்கும்னு நான் சொல்ல வேணாம். இதுல இன்னொரு கொக்கி. பல கம்பெனிகள்ல ஒரே அறையில இருக்கிற பெரியவங்க எல்லாரும் சேர்ந்துதான் பேக்கேஜ் வாங்கணும். குடிக்காத மனைவிக்கும் சேர்த்து நீங்க கட்டுவீங்க. கூச்சப்படாம ஒரு கிளாஸ், ரெண்டு கிளாஸ் தனித்தனியா வாங்கிக்கிறவங்களுக்குத்தான் பில் குறைவா வரும்.

குடிக்காதவங்க ஏமாந்து போகறது ஜூஸ்லயும் பாட்டில் தண்ணியிலயும். காலையில பஃபேல தண்ணி, டீ, காபி பெரும்பாலும் இலவசம். அதே ஆரஞ்சு ஜூஸைக் குளத்து ஓரத்துல உட்கார்ந்து கேட்டா காசு. காலி பாட்டில் ஒண்ணு கொண்டு போங்க.

அப்புறம் ஃபோன். கரை மறைஞ்சதும் உங்க மொபைல் கப்பலோட கடல் நெட்வொர்க்கைப் பிடிக்கும். சாதாரண ரோமிங் பேக் அதுக்குச் செல்லாது. தெரியாம வந்த ஒரு அப்டேட்டுக்கே ஆயிரக்கணக்குல பில் வரலாம். கப்பல் நகர ஆரம்பிச்சதுமே ஏரோப்ளேன் மோடு. ரீல்ஸ் எடுங்க, கரைக்கு வந்து போடுங்க.

பொழுதுபோக்குனா மார்க்கீ தியேட்டர்ல பாலிவுட் ஸ்டைல் நடன ஷோ, மேஜிக், டி.ஜே, சுவர் ஏறுற விளையாட்டு, குழந்தைங்களுக்குத் தனி இடம். தமிழ்ப் பாட்டு வரும்னு டி.ஜேகிட்ட நம்பிக்கை வைக்க வேணாம், நீங்கதான் போய்க் கேட்கணும். கேசினோ கதவு துறைமுகத்துல நிக்கிறப்போ மூடியிருக்கும். கரையில இருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டின பிறகுதான் திறக்கும். கரையில ஆன்லைன் ரம்மிக்குத் தடைச் சட்டம் போட்ட மாநிலம் நம்மளோடது, எத்தனை குடும்பம் அதுல தெருவுக்கு வந்துச்சுனு நமக்குத் தெரியும். தண்ணி மேல 22 கிலோமீட்டர் தள்ளினா அதே விளையாட்டு 'என்டர்டெயின்மென்ட்' ஆயிடுது. வேடிக்கை பாருங்க, அதுக்குக் காசு இல்லை.

மதுரையில இருந்து எது லாபம்?

சென்னை நமக்கு 460 கிலோமீட்டர். கொச்சி அதைவிட ரொம்பப் பக்கம், தேனி வழியா கிட்டத்தட்ட 270. மும்பையில கிளம்புற கப்பல்கள் கொச்சி, லட்சத்தீவுனு வந்து போற சீசன்ல அங்க ஏற முடியுமானு விசாரிங்க. தூத்துக்குடி இன்னும் பக்கம், ஆனா அங்க இப்போ வழி இல்லை. 2011 ஜூன்ல தூத்துக்குடி - கொழும்பு 'ஸ்கோஷியா பிரின்ஸ்'னு ஒரு பயணிகள் கப்பல் விட்டாங்க, அந்த வருஷத்துக்குள்ளயே நின்னுபோச்சு.

கடல் பயணம் நமக்குப் புதுசும் இல்லை. நாகப்பட்டினத்துல இருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 'ரஜுலா' கப்பல் பல பத்தாண்டு ஓடிச்சு. நம்ம தாத்தாக்கள் டெக்குல பாய் விரிச்சுப் படுத்துத்தான் போனாங்க. சும்மா கடலைப் பார்க்கணும், வெளிநாட்டு மண்ணை மிதிக்கணும்னா நாகப்பட்டினம் - காங்கேசன்துறை 'சிவகங்கை' கப்பல் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஆரம்பிச்ச சேவை, சுமார் நாலு மணி நேரம். பாரும் இல்லை, டி.ஜேயும் இல்லை. இறங்கினா யாழ்ப்பாணம், நல்லூர் கோயில், நண்டுக் கறி. மழை சீசன்ல நிறுத்திடுவாங்க, தேதி பார்த்துக்கங்க. என்கிட்ட கேட்டா இதுக்குத்தான் முதல் ஓட்டு. 2023 ஜூன்ல கோர்டிலியாவும் சென்னையில இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைனு போச்சு. எதுவா இருந்தாலும் இலங்கைனா பாஸ்போர்ட்டும் விசா விதிகளும் முன்கூட்டியே பார்த்துடணும்.

கப்பல்கள் இனி கூடத்தான் போகுது. 2024 செப்டம்பர் 30-ம் தேதி மத்திய அரசு 'க்ரூஸ் பாரத் மிஷன்' தொடங்கிச்சு. 2029-க்குள்ள வருஷத்துக்கு 10 லட்சம் கடல் பயணிகள்ங்கிறது இலக்கு. 'நார்வீஜியன் ஸ்கை', 'நார்வீஜியன் சன்'னு ரெண்டு கப்பலை கோர்டிலியா குத்தகைக்கு எடுக்கப்போறதா 2025-ல அறிவிப்பு வந்துச்சு. பயணிகள் கூடினா வேலையும் கூடும். நம்ம திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கேட்டரிங் டிப்ளமோ படிச்சுட்டு 'கப்பல்ல வேலை' போஸ்டரைப் பார்த்து நிக்கிற பசங்களுக்கு இது நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த வேலை எப்படி இருக்கும்? உங்க டேபிள்ல சிரிச்சுக்கிட்டே தண்ணி ஊத்துறவர் ஆறேழு மாசமா வீட்டைப் பார்க்காதவரா இருக்கலாம். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், 2006, ஒரு நாளைக்குக் குறைஞ்சது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வுன்னு சொல்லுது. இந்தியா 2015-ல அதை ஏத்துக்கிச்சு. தலைகீழாப் பாருங்க, வாரத்துக்கு 91 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க அதுல இடம் இருக்கு. பல கம்பெனிகள்ல சம்பளத்துல கணிசமான பகுதி டிப்ஸ்தான். பில்லுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16, 18 டாலர்னு டிப்ஸ் தானா ஏறியிருக்கிறதைப் பார்த்து ரிசப்ஷன்ல போய் நீக்கச் சொல்லிச் சண்டை போடுறவங்க உண்டு. பேக்கேஜை வேணாம்னு சொல்லுங்க, ஸ்பாவை வேணாம்னு சொல்லுங்க, அந்த ஒரு வரியில மட்டும் கை வைக்காதீங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு: அதே ஒப்பந்தப்படி வேலை வாங்கிக் கொடுக்கிறதுக்காக உங்ககிட்ட ஏஜென்ட் கமிஷன் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி புத்தகம் மாதிரியான ஆவணச் செலவு மட்டும்தான் உங்க பாடு. 'மூணு லட்சம் கட்டு, மியாமி கப்பல்ல உட்கார வைக்கிறேன்'னு சொல்றவர்கிட்ட ஆர்.பி.எஸ்.எல் உரிம எண்ணைக் கேளுங்க. டி.ஜி ஷிப்பிங் இணையதளத்துல அந்த எண் இருக்கா, உரிமம் நடப்புல இருக்கா, கம்பெனி பேர் எழுத்துக்கு எழுத்து அதுதானானு பாருங்க. சுற்றுலா விசாவுல கிளம்பு, அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னார்னா அப்பா நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து வெளியே வந்துடுங்க.