பெயரை மாற்றச் சொன்னார்கள்: டெத் இசைக்குழுவின் 33 ஆண்டுகள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1970களின் முதல் பாதியில் ஓர் இசைக்குழு இருந்தது. பெயர் டெத். சாவு என்று பொருள். டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்ற மூன்று கறுப்பினச் சகோதரர்கள் நடத்திய ஹார்ட் ராக் குழு. டேவிட் கிட்டார், பாபி பேஸும் பாட்டும், டேனிஸ் டிரம்ஸ். 1976இல் அவர்கள் சொந்தக் காசில் 500 பிரதிகள் போட்ட ஒரே ஓர் இசைத்தட்டோடு அந்தப் பெயர் மறைந்துபோனது. 2009இல் டிராக் சிட்டி என்ற நிறுவனம் பழைய ஒலிப்பதிவுகளை ஆல்பமாக வெளியிட்டது. அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2012இல் ஆவணப்படமும் வந்தது. இன்று ராக் இசை வரலாறு எழுதுகிற எவரும் டெத்தைத் தாண்டிப் போக முடியாது.

இந்தக் கதையைப் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். திறமை இருந்தால் உலகம் ஒருநாள் தேடி வந்தே தீருமாம். பரணில் கிடந்த ஒலிநாடா, இணையத்தில் பாட்டைக் கண்டெடுத்த பிள்ளைகள், கடைசியில் கைதட்டல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'தகுதி, திறமை' என்ற சொற்கள் யாரை வெளியே நிறுத்தப் பயன்படுகின்றன என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் நாம். இந்தக் கதையை அப்படியே விழுங்க நமக்கு முடியவில்லை. குழுவைத் தொடங்கி, பாட்டெழுதி, பெயர் வைத்து, அந்தப் பெயரை விடமாட்டேன் என்று நின்ற டேவிட் ஹாக்னி 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்துவிட்டார். உலகம் தேடி வந்தபோது அவர் இல்லை. ஒன்பது ஆண்டுகள் தாமதம். இதை வெற்றிக் கதை என்று யார் சொல்வது?

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் நகரம். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டையும் இனவெறியையும் விட்டு வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் குடியேறிய இடம். 1959இல் அங்கே தொடங்கிய மோடவுன் நிறுவனம் கறுப்பினப் பாடகர்களை அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குக் கொண்டுபோனது. 1967 ஜூலையில் காவல்துறையின் ஒரு சோதனையில் தொடங்கிய எழுச்சியில் 43 பேர் செத்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். வெள்ளையர்கள் புறநகருக்கு நகர்ந்தது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, அதற்குப் பின் வேகம் பிடித்தது. 1971இல் காவல்துறை ஸ்ட்ரெஸ் என்ற தனிப்பிரிவை இறக்கியது. வழிப்பறியைத் தடுக்கிறோம் என்று சொல்லிக் கறுப்பின இளைஞர்களைச் சுட்டுக்கொன்ற பிரிவு அது. அதைக் கலைப்பேன் என்று வாக்குக் கொடுத்த கோல்மன் யங் 1973 இறுதியில் நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1974இல் கலைத்தார். மோடவுன் நிறுவனமே 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பிவிட்டது. அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், தாயின் வீட்டு அறையில் மூன்று பையன்கள் காது கிழியும் சத்தத்தில் ராக் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களின் தந்தை ஒரு பாப்டிஸ்ட் போதகர். 1964இல் பீட்டில்ஸ் குழு முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். மறுநாளே சந்தில் யாரோ தூக்கிப்போட்ட கிட்டார் ஒன்றை டேவிட் எடுத்து வந்து கற்கத் தொடங்கினார். 1971இல் ராக்ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் தொடங்கியபோது அவர்கள் வாசித்தது ஃபங்க். தி ஹூ, ஆலிஸ் கூப்பர் நிகழ்ச்சிகளைப் பார்த்த பிறகு டேவிட் ஹார்ட் ராக்குக்குத் திருப்பினார். இதற்கிடையில் தந்தை ஒரு விபத்தில் இறந்தார். டெத் என்ற பெயர் அந்தச் சாவிலிருந்து வந்தது. எல்லோரும் அஞ்சி ஒதுக்கும் ஒரு சொல்லை எடுத்து அதற்குள் ஒரு நல்ல பொருளை வைப்பது டேவிட்டின் எண்ணம். விற்பது கடினம் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

டான் டேவிஸ் என்ற கறுப்பினத் தயாரிப்பாளரின் க்ரூவ்ஸ்வில் நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது. டெட்ராய்டின் யுனைடெட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு தொடங்கியது. பெரிய நிறுவனங்களை நடத்திய கிளைவ் டேவிஸ் ஆர்வம் காட்டினார் என்றும், பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்றும் பேச்சு வந்ததாகச் சகோதரர்கள் சொல்கிறார்கள். டேவிட் மறுத்தார். பணம் நின்றது. பன்னிரண்டு பாட்டு பதிவாக வேண்டிய இடத்தில் ஏழு பாட்டோடு எல்லாம் முடிந்தது.

'ஒரு பெயர்தானே, மாற்றிக்கொண்டு போயிருக்கலாமே' என்று தோன்றுவது இயல்பு. தம்பிகளுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. குடும்பச் செலவு, வயது, கையில் வந்த வாய்ப்பு என்று அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. டேவிட்டைப் புனிதராக்க நமக்கு விருப்பமில்லை. ஒருவரின் பிடிவாதத்துக்கு மூவரும் விலை கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கோரிக்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதே ஆண்டுகளில் பிளாக் சப்பத், ஆலிஸ் கூப்பர் என்று சாவையும் பேயையும் ரத்தத்தையும் வைத்தே வெள்ளையர் குழுக்கள் அரங்கங்களை நிரப்பின. கூப்பரின் மேடையில் தூக்குமேடையே இருந்தது. அது வேடிக்கை, அது நாடகம் என்று எல்லோருக்கும் புரிந்தது. மூன்று கறுப்பின இளைஞர்கள் அதே சொல்லைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டால் மட்டும் அது விற்காத பண்டமாகிவிடுகிறது. பெயர் ஒன்றுதான் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் பெயர் மட்டும்தான் காரணம் என்று சொல்வதையும் நம்ப முடியவில்லை.

நமக்கு நாமே வைத்துக்கொண்ட பெயர் அடுத்தவருக்கு உறுத்துவது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிதா என்ன? டெட்ராய்டில் ஹாக்னி சகோதரர்கள் வாசித்துக்கொண்டிருந்த 1972இல்தான், அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் போன்றவர்கள் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு 'தலித்' என்ற சொல்லைத் தவிர்க்குமாறு அறிவுரை அனுப்பியது. அரசு கொடுத்த பட்டியல் பெயர் பரவாயில்லை, நாம் எடுத்துக்கொண்ட பெயர் கூடாது. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. டேவிட்டின் மறுப்பு நமக்கு ஏன் உடனே பிடிபடுகிறது என்பதற்காகச் சொன்னோம், அவ்வளவுதான்.

பெயரை விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அது பெட்டி. அமெரிக்க இசை வணிகம் தொடக்கத்திலிருந்தே நிறப் பெட்டிகளில் ஓடியது. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளுக்கு பில்போர்டு இதழ் வைத்திருந்த தரவரிசைக்கு 1949 வரை 'இன இசைத்தட்டுகள்' என்றே பெயர். பிறகு அது ரிதம் அண்ட் புளூஸ் ஆனது. பெயர் நாகரிகமாயிற்று, பெட்டி அப்படியே இருந்தது. வானொலியும் அதன்படி பிரிந்தது. கறுப்பின நேயர்களுக்கான நிலையம் ராக் போடாது. ராக் நிலையம் கறுப்பினக் குழுவைப் போடாது. இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால் ராக் இசையே அவர்களுடையது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற பெண்மணி தேவாலயப் பாட்டுக்கு மின்கிட்டாரை முழங்கவிட்டது எல்விஸுக்குப் பல ஆண்டுகள் முன்பு. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் இல்லாமல் பீட்டில்ஸ் இல்லை, இதை பீட்டில்ஸே சொல்வார்கள். இருபதே ஆண்டுகளில் அந்த இசை கைமாறி, அதைக் கறுப்பினப் பையன்கள் வாசித்தால் 'வெள்ளைக்காரன் பாட்டு' என்று அக்கம்பக்கத்தாரே கேலி செய்யும் நிலை வந்தது. சகோதரர்கள் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஹெண்ட்ரிக்ஸ் இருந்தாரே என்பார்கள். ஆமாம், இருந்தார். விதிவிலக்கை ஒருவரோடு நிறுத்திக்கொள்வதில் சந்தை கெட்டி.

டான் டேவிஸைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1976இல் அவர் தயாரித்த, ஜானி டெய்லர் பாடிய 'டிஸ்கோ லேடி' அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் சிங்கிள் ஆனது. பெட்டிக்குள் வாசித்தால் கறுப்பினக் கலைஞருக்கு அந்த உயரம் கிடைத்தது. பெட்டிக்கு வெளியே வாசித்தவர்களுக்கு அதே ஆண்டில், அதே நகரில் 500 பிரதிகள். அந்தத் தட்டின் முதல் பக்கத்தில் அரசியல்வாதிகளைச் சாடும் பாட்டு. வானொலிகள் சீண்டவில்லை.

1977இல் மூவரும் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனுக்குப் போனார்கள், கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் வாழும் மாநிலம். தி ஃபோர்த் மூவ்மென்ட் என்ற பெயரில் 1980இலும் 1982இலும் இரண்டு கிறித்தவ ராக் ஆல்பங்கள் போட்டார்கள். 1982இல் டேவிட் டெட்ராய்டுக்குத் திரும்பிவிட்டார். தங்கிவிட்ட பாபியும் டேனிஸும் லாம்ப்ஸ்பிரெட் என்ற ரெகே குழுவை நடத்தினார்கள், அது அந்த வட்டாரத்தில் நன்றாகவே ஓடியது. கறுப்பினத்தவர் ரெகே வாசித்தால் யாருக்கும் கேள்வி எழவில்லை பாருங்கள்.

இப்போது டெத்தைப் புகழ்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம், 'பங்க் பிறக்கும் முன்பே பங்க் வாசித்தவர்கள்' என்பது. தேதி பொருந்துகிறது. ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது 1976 ஏப்ரலில். செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தட்டு அதே ஆண்டு நவம்பரில். டெத்தின் ஏழு பாட்டுகள் அவற்றுக்கு முன்பே பதிவாகிவிட்டன. கேட்டுப் பாருங்கள், அந்த வேகமும் திடீர் நிறுத்தங்களும் பத்து ஆண்டுகள் கழித்து வந்தவர்களின் பாட்டுப் போல ஒலிக்கும். ஆனாலும் இந்தப் பாராட்டில் நமக்கு ஒரு சங்கடம். ரமோன்ஸுக்கு எத்தனை மாதம் முந்தி என்று கணக்குப் போட்டுத்தான் ஹாக்னி சகோதரர்களுக்கு மதிப்பெண் போட வேண்டுமா? வெள்ளையர் குழு அளவுகோலாக நிற்க, மற்றவர் அதன் அருகே நிறுத்தி அளக்கப்படுகிறார். தவிர 'முதல்' என்பதே சண்டைக்குரிய சொல். அதே டெட்ராய்ட் பகுதியிலிருந்து எம்சி5, ஸ்டூஜஸ் இரண்டும் 1969இலேயே ஆல்பம் போட்டுவிட்டன. டேவிட் ஒன்றும் ஓட்டப்பந்தயம் ஓடவில்லை.

'கண்டுபிடிப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த கதை. இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த 1976 தட்டை நூற்றுக்கணக்கான டாலருக்கு வாங்கினார்கள், விற்றார்கள், கணினியில் ஏற்றினார்கள். அவர்களுடைய ஆர்வம் இல்லாவிட்டால் பாட்டு வெளியே வந்திருக்காது, அதை மறுக்கவில்லை. கைமாறிய அந்தக் காசில் ஹாக்னி வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூல ஒலிநாடாக்களைக் காப்பாற்றியது எந்த ஆவணக் காப்பகமும் அல்ல, குடும்பம். டேவிட் சாவதற்கு முன் நாடாக்களைப் பாபியிடம் ஒப்படைத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்று சொல்லியிருக்கிறார். பாபி வீட்டுப் பரணில் வைத்தார். தன் பிள்ளைகளிடம்கூட அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவில்லை. தோற்றுப்போனதைப் பிள்ளைகளிடம் சொல்லாத அப்பாக்களை நாமும் அறிவோம்.

டெத்தின் மரபு எது என்று கேட்டால், டேவிட் இல்லாத ஆவணப்படத்தையோ நாளிதழ்க் கட்டுரையையோ விட, இந்தப் பரண்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு பரண் தப்பியது. டெட்ராய்டிலும் பிலடெல்பியாவிலும் மெம்பிஸிலும் எத்தனை பரண்கள் ஒழுகின, எத்தனை வீடுகள் கடனுக்குப் போயின, எத்தனை நாடாக்கள் குப்பை வண்டியில் ஏறின? 1985இல் நியூயார்க்கில் வெர்னன் ரீட், கிரெக் டேட், கொண்டா மேசன் ஆகியோர் பிளாக் ராக் கோஅலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர்கள் கேட்டதும் இதையொட்டித்தான். எங்கள் இசையை எங்களுக்கு மறுக்காதே, எங்களை ஒரே பெட்டியில் அடைக்காதே. டெத் நின்று ஒன்பது ஆண்டு கழித்தும் அதைக் கேட்க வேண்டியிருந்தது. டெத் என்ற பெயர் அப்போது பெரும்பாலோருக்குத் தெரியாது. முன்னோரைத் தெரியாமல் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்கும்படி ஆவதுதான் இந்த அழிப்பில் மிகக் கொடுமை. ஊருக்குள் இளைஞர்களோடு வேலை செய்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

பாபியும் டேனிஸும் 2009 செப்டம்பரில் டெத் என்ற அதே பெயரில் மீண்டும் மேடை ஏறினார்கள். லாம்ப்ஸ்பிரெட்டின் பாபி டங்கன் கிட்டார் வாசித்தார். புதிய ஆல்பமும் 2015இல் வந்தது. அதற்கும் முன்பே, 2008இல், பழைய பாட்டை இணையத்தில் கேட்டுவிட்டு, இது நம் அப்பாவின் குரல் ஆயிற்றே என்று கண்டுகொண்ட பாபியின் மகன்கள் டெத் பாட்டுகளை வாசிக்க ஒரு குழு அமைத்தார்கள். பெயர் ரஃப் ஃபிரான்சிஸ். டேவிட் தன் கடைசிக் காலத்தில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது.