துடைப்பம் விற்றவரின் துப்பறியும் கதை

நாற்பதைத் தாண்டிய பிறகு எழுதி என்ன ஆகப்போகிறது என்று செய்ச்சோ மாட்சுமோட்டோ நினைத்திருந்தால், ஜப்பானியத் துப்பறியும் கதைகளுக்குத்தான் நஷ்டம்!

1909ல் பிறந்தவர். வறுமையால் படிப்பு சீக்கிரமே நின்றது. எடுபிடி வேலை, அச்சகம், பத்திரிகை விளம்பரப் பிரிவு என்று ஓடினார். போருக்குப் பிறகு, பெரிய குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்காகத் துடைப்பம்கூட விற்றார். பரிசுப் பணம் கிடைக்குமே என்று ஒரு வாரப் பத்திரிகையின் போட்டிக்குக் கதை அனுப்பினார். 1951ல் அது அச்சானபோது வயது 41. இரண்டே வருடத்தில் அகுதாகவா பரிசு!

1958ல் புத்தகமாக வந்தது 'புள்ளிகளும் கோடுகளும்' நாவல். கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்துகிடக்கிறார்கள். காதல் தற்கொலை என்கிறார்கள் எல்லோரும். இறந்தவரின் சட்டைப் பையில் ரயில் சாப்பாட்டு பில்... ஒருவருக்கு மட்டும்! சேர்ந்து சாக வந்தவர்கள் சேர்ந்து சாப்பிடமாட்டார்களா? ஒரு வயதான போலீஸ்காரருக்கு உறுத்துகிறது. நூல் பிடித்துப் போனால், அரசு அலுவலக ஊழல்.

மேதாவி டிடெக்டிவ், மர்ம மாளிகை எதுவும் இவர் கதையில் தேவைப்படவில்லை. யார் கொன்றார் என்பதோடு, ஏன் கொன்றார் என்றும் கேட்டார். 1992ல், 82 வயதில் மறைந்தார். வயிற்றுப்பாட்டில் கழிந்த வருடங்கள் வீணாகவில்லை. எளிய மனிதர்களின் கஷ்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை அவைதான்!