பெட்டியில் தொங்கும் வாக்குமூலம்



பயணியின் பெட்டியை எடை போட்டு, நீண்ட வெள்ளைப் பட்டைச் சீட்டொன்றைக் கைப்பிடியில் சுற்றி ஒட்டி, ஓடுகின்ற பெல்ட்டின் மீது தள்ளிவிடுவது நேற்றுவரை விமான நிறுவன ஊழியரின் பணியாக இருந்தது. இன்று அப்பணி மெல்ல மெல்லப் பயணியின் கைக்கே வந்து கொண்டிருக்கிறது. 2017 அக்டோபர் இறுதியில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் நான்காம் முனையம் இம்முறையை மனத்திற் கொண்டே கட்டப்பட்டது. நம் நாட்டில் பெங்களூரு இதில் முந்திக் கொண்டது. தில்லி விமான நிலையம் 2024 ஜூன் திங்களில் இதனைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. பயணி ஓர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். பயண விவரத்தைக் காட்டுகிறார். இயந்திரம் சீட்டை நீட்டுகிறது. அதனைத் தம் கையாலேயே பெட்டியில் ஒட்டி, தம் கையாலேயே பெல்ட்டில் வைத்துவிட்டுப் போகிறார். வரிசை குறைகிறது, காலம் மிச்சமாகிறது. நல்லதுதான். ஆயினும், கை மாறியது வேலை மட்டுந்தானா, அல்லது அதனோடு வேறொன்றும் கை மாறியிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நம் சமுதாயத்தார்க்கு மிகவும் அவசியமாகும். வீட்டிற்கு ஒருவரேனும் வளைகுடாவிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ பிழைத்து வரும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் அல்லவா?

தன் பெட்டிக்குத் தானே அடையாளம் இடுவது நமக்குப் புதியதன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ கப்பல் சென்று வந்த காலத்தையும், அதன் பின் 1985 பிப்ரவரியில் தீக்கிரையாகும் வரை ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடிய காலத்தையும் இராயபுரத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தால் பெயரும், தகப்பனார் பெயரும், ஊரும் எழுதப்பட்டிருக்கும். பெட்டியைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்து கொள்ளலாம். இன்றும் ஹஜ்ஜுக்குச் செல்வோரின் பெட்டிகளில் பெயரையும் ‘கவர்’ எண்ணையும் பெரிதாக எழுதச் சொல்வது இந்திய ஹஜ் கமிட்டியின் வழக்கம்.

பெயரின் இடத்தில் எண் வந்தது இரயில் யுகத்தில். நம் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது 1856ஆம் ஆண்டு. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1882 ஜூன் 5ஆம் நாள், கனடா நாட்டின் மாங்க்டன் நகரைச் சேர்ந்த ஜான் மைக்கேல் லயன்ஸ் என்பவர் இரண்டாகப் பிரியும் சீட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், வரிசை எண் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. ஒரு பாதி பெட்டியோடு போகும். மறு பாதி பயணியின் கையில் இருக்கும். இன்றைய விமானச் சீட்டும் அதே மரபில் வந்ததுதான். இயந்திரம் வந்த பின்னரும் அந்தத் தத்துவம் மாறவில்லை.

அச்சீட்டை ஒரு முறையேனும் ஊன்றிப் பாருங்கள். கொட்டை எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை பெட்டி போய்ச் சேர வேண்டிய ஊர். ஜித்தாவுக்கு ஜே.இ.டி., துபாய்க்கு டி.எக்ஸ்.பி., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என். மதராஸ் என்னும் பெயர் 1996இல் சென்னை என்று மாறிய பின்னரும் நம் ஊரின் குறியீடு எம்.ஏ.ஏ. என்றே நிலைத்துவிட்டது. அருகே பட்டைக் கோடுகளும் பத்து இலக்க எண்ணும் இருக்கும். அவற்றில் முதல் இலக்கத்தை விடுத்து, அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, எமிரேட்ஸுக்கு 176. கடைசி ஆறு இலக்கங்கள் உங்கள் பெட்டிக்கே உரியவை. பெட்டியை வாங்கும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், வேறு விமானத்துக்கு மாற்றும்போதும், பயணியிடம் திருப்பித் தரும்போதும் அதன் இருப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2018 ஜூன் முதல் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி.

இது வட சென்னை மக்களுக்கு விளங்காத செய்தியன்று. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் வண்டிகளின் கண்டெய்னர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் மீதும் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கட்டத்துக்குள் ஒரு சோதனை இலக்கம். சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது 1983இல். அன்று முதல் சரக்கின் பெயரைக் காட்டிலும் பெட்டியின் எண்ணே பெரிதாயிற்று. இந்தச் சரக்கு வணிகத்தில் 2017ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்பு ஏற்றுமதியாளரின் தொழிற்சாலையில் அதிகாரியின் மேற்பார்வையில் சரக்கு ஏற்றி, கண்டெய்னருக்கு முத்திரை இடுவார்கள். அவ்வாண்டு முதல், அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தாமே மின்னணுப் பூட்டுமுத்திரை இட்டு அனுப்பலாம் என்று சுங்கத்துறை விதித்தது. அதிகாரி ஒதுங்கிக் கொண்டார். அவர் நின்ற இடத்தில் என்ன வந்தது? ஏற்றுமதியாளரின் சொல் வந்தது. ‘உள்ளே இருப்பது இதுதான், பூட்டியது நான்தான்’ என்னும் பொறுப்பு அவர் தலையில் ஏறியது.

விமான நிலையத்தில் நடப்பதும் இதுவே. முன்பு கவுண்ட்டரில் இருந்த ஊழியர் சீட்டு ஒட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேட்பார். ‘இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாரேனும் ஏதேனும் கொடுத்தார்களா?’ என்பார். நம்மிற் பலர் அதனை வெறும் சடங்கு என்று எண்ணித் தலையாட்டிவிடுவதுண்டு. இப்போது அதே கேள்வி திரையில் தோன்றுகிறது. விரலால் ஒரு தொடுதலே விடை. கேட்பவர் முகம் மறைந்ததால் கேள்வியின் கனம் குறைந்துவிடவில்லை.

அக்கேள்வி பிறந்த கதை இரத்தத்தால் எழுதப்பட்டது. 1985 ஜூன் திங்களில் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் ஒருவர் ஒரு பெட்டியைக் கொடுத்து, அதனை ஏர் இந்தியா விமானம் வரை நேரே அனுப்பும்படி சீட்டு ஒட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருடைய இருக்கை உறுதியாகவில்லை என்று முதலில் மறுத்த ஊழியர், வரிசை நீளவே இணங்கிவிட்டார். பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. ஜூன் 23ஆம் நாள் ‘கனிஷ்கா’ என்னும் அவ்விமானம் அயர்லாந்தின் அருகே கடல்மேல் வெடித்துச் சிதறியது. மாண்டோர் 329 பேர். அதே நாளில், வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த மற்றொரு பெட்டி ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் வெடித்து, சுமை தூக்கும் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். மூட்டை சுமந்து உண்ணும் உழைப்பாளிகள் நிறைந்த துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு, அந்த இருவரின் மரணம் தனியாகவே நெஞ்சைத் தொட வேண்டும். பயணி ஏறாத விமானத்தில் அவர் பெட்டியும் ஏறக் கூடாது என்னும் விதி உலகெங்கும் கண்டிப்பானது இத்தகைய கொடுமைகளுக்குப் பின்னரே.

ஆகவே, பெட்டியில் தொங்கும் அச்சீட்டு ஒரு முகவரி மட்டுமன்று. ஒரு வாக்குமூலமும் ஆகும். அதனை நம் கையாலேயே ஒட்டும்போது வாக்குமூலத்தில் நம் கையாலேயே ஒப்பமிடுகிறோம்.

இங்குதான் நம் வீடுகளில் நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒருவர் பயணம் புறப்படுகிறார் என்று தெரிந்தால் போதும், முதல் நாள் மாலையிலேயே தெருவெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ‘என் மகனுக்கு இந்த ஊறுகாய்’, ‘மருமகனுக்கு இந்த மாத்திரை’, ‘கூட்டாளிக்கு இந்தச் சிறு பொட்டலம்’ என்று கைகள் நீளும். மறுத்தால் மனம் நோகுமே என்று வாங்கி அடுக்கிவிடுகிறோம். இஃது அன்பின் வழக்கம்; குறை சொல்வதற்கில்லை. ஆனால், பிரித்துப் பாராமல் வாங்கும் பொட்டலம் அன்பினால் மட்டும் நிறைந்திருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

கெட்ட நோக்கம் இருந்தால்தான் ஆபத்து என்றும் எண்ணிவிடாதீர்கள். குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா சிங்கப்பூரிலும், சவூதியிலும், ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை அது என்பதே காரணம். இங்கு மருத்துவர் சீட்டோடு சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி நீக்கி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அங்கே போதைப் பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. ‘எனக்குத் தெரியாது, இன்னார் கொடுத்தார்’ என்னும் சொல் அந்நாட்டு விசாரணையில் எளிதில் எடுபடுவதில்லை. பிறர் கொடுத்த பொட்டலத்தால் அந்நியச் சிறையில் வாடிய ஏழைத் தொழிலாளர்களும், ஊரில் வழி பார்த்துக் காத்திருந்த அவர்தம் மனைவி மக்களும் உண்டு.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள். தானியம் வாங்க எகிப்துக்கு வந்த சகோதரர்களின் மூட்டைக்குள் இரண்டு முறை அவர்கள் அறியாத பொருள் வைக்கப்பட்டது. முதல் முறை, அவர்கள் விலையாகக் கொடுத்த பொருளே மூட்டைக்குள் திரும்பி வந்தது; தந்தையின் வீட்டில் அவிழ்த்த பிறகே அதனைக் கண்டார்கள். இரண்டாம் முறை, அரசரின் குவளை இளையவரின் மூட்டையில் இருந்தது. எவர் மூட்டையில் கிடைக்கிறதோ அவரே அதற்கு ஈடு என்று அந்தச் சகோதரர்கள் தம் வாயாலேயே கூறினார்கள். அவ்வாறே அவரும் பிடித்து வைக்கப்பட்டார். அங்கே அதன் பின்னால் அன்பும் இறைத் திட்டமும் இருந்தன. விமான நிலையத்தில் அப்படி ஓர் அண்ணன் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மூட்டைக்கு உடையவரே பொறுப்பாளி என்னும் நியதி மட்டும் மாறாமல் இருக்கிறது.

பிறர் பொருளை உரியவரிடம் சேர்ப்பது அமானிதம், நற்செயல். அமானிதத்தைப் பெறுபவருக்கு அதனை இன்னதென்று அறியும் உரிமையும் உண்டு. எனவே கொடுப்பவர் முன்னிலையிலேயே பிரித்துப் பாருங்கள். மாத்திரையாயின் மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள். பிரிக்கக் கூடாது என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லே மறுப்பதற்குப் போதிய காரணம். கொடுப்பவர்களும் பயணியைச் சங்கடத்துக்கு ஆளாக்காமல், தாமே முன்வந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து, இயந்திரத்தின் முன் திகைத்து நிற்போரைப் பற்றிச் சில சொற்கள். மகனைப் பார்க்கப் புறப்படும் தாயும், உம்ராவுக்குச் செல்லும் முதியவரும், முதன்முறையாக வேலைக்குப் போகும் தொழிலாளியும் திரையைப் படித்துச் சீட்டு ஒட்ட இயலாமல் தவிக்கலாம். பின்னால் நிற்பவர் அவசரத்தில் முணுமுணுப்பார். எவரோ ஓர் அந்நியர் ‘நான் ஒட்டித் தருகிறேன்’ என்று முன்வருவார். உதவி நல்லதே, ஆனால் சீட்டு மாறிப் போனால் ஜித்தாப் பெட்டி துபாய்க்குப் போய்விடும். மனிதர் இருக்கும் கவுண்ட்டர் ஒன்றேனும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நம் பிள்ளைகளும் வழியனுப்ப வந்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், சீட்டின் அமைப்பையும் திரையில் வரும் கேள்விகளையும் வீட்டிலேயே தாய் தந்தையர்க்கு விளக்கி அனுப்புதல் வேண்டும்.

தாமே ஒட்டினாலும் பயணியின் உரிமை குறைந்துவிடுவதில்லை. பெட்டி விமான நிறுவனத்தின் வசம் சென்ற நொடி முதல் பொறுப்பு அதனுடையதே. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009இல் சேர்ந்தது. வளைகுடா நாடுகளும், சிங்கப்பூரும், மலேசியாவும் அதில் உள்ளன. அதன்படி, வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமுற்றால் பெற்றுக் கொண்ட 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தாமதமாயின், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்கள். வந்திருக்க வேண்டிய நாளுக்குப் பின் 21 நாட்களாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்.; ரூபாய்க் கணக்கில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். ஆனால் இழப்பை நிறுவ வேண்டியவர் பயணியே. அதற்குத் துணை நிற்பது கையில் இருக்கும் அந்தச் சிறு துண்டுச் சீட்டு. பலர் அதனை விமானத்திலேயே கசக்கி எறிந்துவிடுகிறார்கள்!

ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்வோம். பழைய பயணத்துச் சீட்டுகளையும், ஒட்டியிருக்கும் சிறு பட்டைகளையும் முழுவதும் கிழித்தெறிவோம். பழைய கோடு இயந்திரத்தைக் குழப்பும். ஒட்டுமுன் நம் பெயரையும், சேரும் ஊரின் மூன்றெழுத்தையும் படித்துப் பார்ப்போம். பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைப்போம். துண்டுச் சீட்டைப் பெட்டி கைக்கு வரும் வரை பத்திரப்படுத்துவோம்.

இயந்திரம் நம்மை நம்பிச் சீட்டைக் கையில் கொடுக்கிறது. உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்து, ஐயமற ஒட்டும் கையே அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையது. நம் பெட்டிகள் அத்தகைய கைகளால் ஒட்டப்பட்டவையாக இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் சந்திப்போம்.