பேசாப் பிள்ளையும் ஒரு நாள் சம்பளமும்

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில், பனி முழுவதும் விலகாத காலை வேளையில், படங்கை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு நிரை பிடித்து நிற்கும் பெண்களுள் ஒருத்தி மட்டும் நாலு கை கொழுந்துக்கு ஒரு முறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொள்கிறாள். அவள் பார்வை சென்று நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில், ஆறு வயது நிரம்பிய அவளுடைய மகன் உதிர்ந்த இலைகளைக் காம்பு ஒரு பக்கமாக அடுக்குவதும் கலைப்பதும் மறுபடி அடுக்குவதுமாக, பெயர் சொல்லி எத்தனை முறை அழைத்தாலும் நிமிராமல் அமர்ந்திருக்கிறான். ஆனால் மாலையில் இலை நிறுக்கும் இடத்தில் தராசின் முள் ஆடத் தொடங்கிவிட்டால், எங்கிருந்தாலும் ஓடி வந்து அந்த வட்டத் தகட்டின் முன்னே நின்றுவிடுவான்.

“ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாத்தான் வரும் அக்கா, இவன் மாமனே அஞ்சு வயசுலதான் வாயத் திறந்தான்” என்று பக்கத்து நிரைக்காரி சொல்லிய ஆறுதலிலேயே இரண்டு வருஷங்கள் கழிந்தன. நாக்கில் வசம்பு தடவிப் பார்த்தார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, “நீயும் கூடவே வந்து உட்காருவதானால் சேர்த்துக்கொள்கிறோம்” என்று பதில் வந்தது. கூடவே உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகையால் பிள்ளை தோட்டத்துக்கு வந்துவிட்டான்.

ஆட்டிசம் என்ற சொல்லுக்குத் தமிழில் மதியிறுக்கம் என்றும், தன்னிலை ஆழ்வு என்றும், சர்க்கார் காகிதங்களில் புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் கடைசிப் பெயர் அநியாயமானது என்பது என் அபிப்பிராயம். இந்தச் சிறுவன் புற உலகைச் சிந்தியாதவன் அல்லன்; நம் காதில் பட்டு நழுவிப் போகும் ஃபாக்டரிச் சங்கின் ஓசை அவனுக்குப் பொறுக்க முடியாத வேதனையாகிறது என்பதால், இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தன் உடம்பையே ஒரு மறைப்பாக்கிக்கொள்கிறான். புற உலகம் அவனிடம் அளவுக்கு மீறி வந்து சேர்வதே அவனுடைய துன்பம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் லியோ கான்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து இந்நிலையை 1943-இல் வர்ணித்தார். அதைத் தொடர்ந்த கால் நூற்றாண்டில், பாசத்தைப் பிழிந்து தராத தாயின் குளிர்ந்த மனமே இதற்குக் காரணம் என்ற கொடிய அபவாதம் கற்றவர்களிடையே சாஸ்திரமாகவே உலவிற்று. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். அந்த அபவாதத்தைத் தகர்க்க முதலில் முனைந்தவர்களில் ஒருவர், அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணராக உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஆட்டிசமுள்ள தம் மகனையும் வளர்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரங்களில் நூலகங்களைத் துருவிய பெர்னார்ட் ரிம்லண்ட். உயிரியல் காரணங்களை முன்வைத்த அவருடைய நூல் 1964-இலேயே வெளிவந்துவிட்டது. லண்டனில் மனநல மருத்துவராகப் பணிபுரிந்த லோர்னா விங்கும் ஆட்டிசமுள்ள பெண்ணின் தாய்தான். 1977-இல் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்த ஃபோல்ஸ்டைனும் ரட்டரும், ஒரே கருவினின்று பிரிந்த 11 ஜோடிகளில் 4-இல் இருவருக்கும் இந்நிலை இருப்பதையும், மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லாததையும் கண்டபோது, பரம்பரையின் பங்கு பிரத்தியட்சமாயிற்று.

தமிழிலும் அவ்வண்ணமே, பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டே ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலை எழுதிய யெஸ். பாலபாரதியும், ‘எழுதாப் பயணம்’ எழுதிய லக்ஷ்மி பாலகிருஷ்ணனும் தம் வீட்டு அனுபவத்திலிருந்தே நமக்கு இந்த ஞானத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். இத்துறையின் அறிவில் கணிசமான பகுதி, வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்த்த பெற்றோர் ஈட்டிய அறிவே. ஆனால் அவர்களுக்குப் படிப்பு இருந்தது. மாலையில் விளக்கடியில் அமர ஒரு மணி நேரமும் வாய்த்தது. கொழுந்துக்காரிக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை. அவளிடம் எஞ்சியிருப்பது பழைய அபவாதம் ஒன்றுதான்: “வேலைக்குப் போனாளே, செல்போனைக் கையில் கொடுத்தாளே, அதனால்தான் பிள்ளை இப்படி” என்று மாமியாரும் அயலாரும் சொல்வதை, பெட்டல்ஹைமின் பெயரைக் கேட்டறியாமலே அவள் தினந்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு இல்லாதது அன்பன்று, நேரம் என்பதே நான் சொல்ல வந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டுமானால் மருத்துவக் குழுவின் முன்னே பிள்ளையை நிறுத்தவேண்டும். அதற்குக் கோத்தகிரிக்கு ஒரு பஸ்ஸும், அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உதகைக்கு மற்றொரு பஸ்ஸுமாகப் போகவேண்டும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறும் அந்தப் பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையையும், “அடக்கி வைக்கக் கூடாதா” என்று முகம் சுளிக்கும் பிரயாணிகளையும் ஒருங்கே சமாளித்துக்கொண்டு சென்று, டாக்டர் இன்று இல்லை என்று கேட்டுத் திரும்பினால், ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் போய், அடுத்த முறை மேஸ்திரியிடம் லீவு கேட்கும் தைரியமும் போய்விடுகிறது. உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது இம்மலைக்கு மகத்தான வரப்பிரசாதம். ஆனால் பேச்சுப் பயிற்சி என்பது ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதைப் போன்றதன்று. வாரந்தோறும், வருஷக்கணக்கில் வேண்டுவது. வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் மாதத்தில் நான்கு சம்பளம். தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரை பெற வழி உண்டு; ஆயினும் முதலில் கையிலிருந்து செலவழித்து, ரசீது சேர்த்து அனுப்பி, பிறகே பெறவேண்டியிருப்பதால், கையில் ஒன்றும் இல்லாதவளுக்கு அது எட்டாக்கனியாகவே நின்றுவிடுகிறது.

இந்த நேரம் என்னும் பொருளை நமது சட்டங்கள் அறியாமல் இல்லை. மத்திய அரசில் உத்தியோகம் பார்க்கும் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்புக்கென 730 நாள் விடுப்பு உண்டு. பிள்ளைக்கு உடற்குறையோ ஆட்டிசமோ இருப்பின் வயது வரம்பும் இல்லை. அந்த விடுப்பு மறுக்கப்பட்ட இமாசலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், பெண்கள் வேலையில் பங்குபெறுவது சலுகை அன்று, அரசியல் சாசனம் விதித்த தேவை என்று 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் மனம் நிறைந்தது. அடுத்த கணமே கீழ் கோத்தகிரிச் சரிவு நினைவுக்கு வந்தது. கல்லூரி ஆசிரியைக்கு உரியது கொழுந்துக்காரிக்கும் உரியதாக வேண்டாமா? சம்பளத்தோடு கூடிய 730 நாளை நான் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பயிற்சி நடக்கும் நாளில், மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் சம்பளம் பிடிக்கப்படாத, வேலைக்கும் பங்கம் வராத, மாதத்துக்கு இரண்டே நாள். அதன் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். இதைத் தோட்டத் தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தையில் சேர்த்துக்கொள்ளாதிருப்பது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

இன்னொரு காரியமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இருபது பிள்ளைகளோ ஐம்பது பெண் தொழிலாளரோ இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகக் காப்பகம் நடத்தவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. இலங்கைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்று வழங்கிய அந்த ஏற்பாட்டை, தாயகம் திரும்பி இம்மலைகளில் குடியேறிய குடும்பங்கள் நன்கறியும். விரலால் சுட்டிக் காட்டாமை, பெயருக்குத் திரும்பாமை, பிறர் முகத்தைப் பார்த்துச் சிரியாமை ஆகிய குறிகள் வெளிப்படும் பருவம் ஒன்றரை வயது முதல் மூன்று வயது. காப்பகத்தில் பிள்ளைகள் இருக்கும் பருவமும் அதுவே. தன் ஒரே பிள்ளையை மட்டும் காணும் தாய்க்குத் தெரியாத வேறுபாடு, இருபது பிள்ளைகளை ஒரே பாயில் உட்கார்த்திக் கஞ்சி ஊட்டும் ஆயாவுக்கு அன்றே தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடம் சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. பதினாறு முதல் முப்பது மாதக் குழந்தைகளுக்கென்று உலகெங்கும் வழங்கும் எம்-சாட் என்ற வினாப்பட்டியலில் இருப்பவை 20 கேள்விகளே. அவற்றைக் கேட்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. அங்கன்வாடிப் பணியாளரும் தோட்டத்து ஆயாவும் அவற்றைக் கற்றுக்கொண்டு, ஐயமுள்ள பிள்ளையை வட்டார வளமையத்தின் சிறப்பு ஆசிரியரிடம் சேர்ப்பித்தால், வசம்பிலும் மந்திரக் கயிற்றிலும் வீணாகும் வருஷங்கள் மிஞ்சும்.

இது வெறும் கற்பனையன்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. நிபுணரல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையோடு விளையாடும் முறையைப் பெற்றோருக்குக் கற்பித்தபோது, பெற்றோர்-பிள்ளைப் பரிவர்த்தனை மேம்பட்டதை அது காட்டிற்று. பயிற்சி தாயைத் தேடி வந்தது என்பதுதான் அதில் நமக்குரிய பாடம். இங்கே அது வேலை விடும் நேரத்துக்குப் பின், லைன் வீட்டு வாசலுக்கே வரவேண்டும்; வருகிறவர் அந்த வீட்டின் மொழியிலும் பேசவேண்டும். படுகு, இருளம், கன்னடம், தமிழ், மலையாளம் எல்லாம் ஒரே பஸ்ஸில் ஒலிக்கும் இப்பிரதேசத்தில், “இரண்டு பாஷை குழம்பித்தான் பேச்சு வரவில்லை” என்று சொல்லிப் பெற்றோரைத் திருப்பி அனுப்புவோரும் உளர். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உண்டாவதில்லை. பாட்டி பேசும் படுகை நிறுத்தச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரு துணையும் அற்றுப்போகும்.

நிரையில் நிற்கும் தாய் ஏன் அத்தனை முறை திரும்பிப் பார்க்கிறாள் என்பதையும் சொல்லவேண்டும். ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் எழுந்து நடந்துவிடும் ஸ்வபாவமுடையவர்கள். இந்தச் சரிவுகளிலோ பகலிலேயே காட்டெருமை நிற்கும்; சாயங்காலம் கரடி வரும். கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளையை ஆளுயரப் புதரும் பனியுமான இடத்தில் எவ்வாறு தேடுவது? போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் அப்படிப் போனபோது, கொழுந்துச் சாக்குகளை அப்படியே போட்டுவிட்டு நிரை முழுவதுமே தேடப் போயிற்று. அரை மணி கழித்து அவன் அகப்பட்ட இடம், ஆளில்லாத இலை நிறுக்கும் கொட்டகை. ஆடாத முள்ளைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

அன்று முதல் கணக்குப்பிள்ளை ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். மாலையில் அவன் தாயின் சாக்கு கொக்கியில் ஏறியதும், மற்றவர்கள் சாக்கைப் போல உடனே எடையைக் குறித்துக்கொண்டு இறக்கிவிடாமல், முள் ஆடி ஆடி அடங்கும் வரை கையை எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார். பின்னால் நிற்கும் பெண்கள், பஸ்ஸுக்கு நேரமாகியும், ஒன்றும் சொல்வதில்லை. முள் நின்றதும் பையன் தன் விரலை நீட்டி அந்த எண்ணைத் தொடுகிறான்.